புது ஸ்போர்ட்ஸ் கார் புக் பண்ணும்போது சீட்டும் சஸ்பென்ஷனும்: நாகர்கோவில் ரோட்டுக்கு எது சரி?

தம்பி கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வீடு தக்கலைப் பக்கம், வேலை வளைகுடாவில், சேர்த்து வைத்த பணத்தில் போர்ஷே 911 கரேரா புக் பண்ணப் போகிறார், சாதாரண கரேராவா கரேரா எஸ்ஸா என்று இன்னும் முடிவாகவில்லை. டீலர் கொடுத்த ஆப்ஷன் பட்டியலில் சீட்டே நாலைந்து வகை, சஸ்பென்ஷனில் 10 மில்லிமீட்டர் தாழ்வான ஸ்போர்ட் வகை ஒன்று, அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கும் லிப்ட். வண்டி ஊரில்தான் நிற்கும், மனைவியும் எழுபது தாண்டிய அப்பாவும் பக்கத்து சீட்டில் உட்காருவார்கள். எதை எடுப்பது, எதை விடுவது?

என் பதில்: 18 வழியாக அசையும் அடாப்டிவ் ஸ்போர்ட்ஸ் சீட், காற்று வரும் வென்டிலேஷனோடு. சஸ்பென்ஷனில் வண்டியோடு வரும் பி.ஏ.எஸ்.எம்., அதாவது ரோட்டுக்கு ஏற்ப இறுக்கம் மாறும் ஷாக் அப்சார்பர், போதும், தாழ்த்திய ஸ்போர்ட் வகை வேண்டாம். சக்கரம் முன்னால் 19 அங்குலம், பின்னால் 20, அதற்கு மேல் போகாதீர்கள். லிப்ட் வேண்டுமா என்பதை உங்கள் வீட்டு கேட்டுதான் சொல்ல வேண்டும், அதை எப்படி அளப்பது என்று கீழே எழுதுகிறேன். ஷார்ஜாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 14 வருஷம் சஸ்பென்ஷனும் வீல் அலைன்மென்டும் பார்த்தவன் நான், இப்போது நாகர்கோவிலில் இருக்கிறேன். அங்கே வழுவழுப்பான ரோட்டில் ஓடிய அதே கார்கள் இங்கே எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்த பிறகுதான் எனக்கே சில விஷயங்கள் தெளிவாயின.

முக்கியமான ஒன்றை முதலில் சொல்கிறேன். ஆப்ஷன் பட்டியலில் சீட் ஒரு பக்கம், சஸ்பென்ஷன் ஒரு பக்கம், சக்கரம் இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக இருப்பதால் நாமும் தனித்தனியாகவே யோசிக்கிறோம். உண்மையில் அது ஒரே சங்கிலி. ரோட்டில் ஒரு குழி இருக்கிறது என்றால் அந்த அடி முதலில் டயருக்கு, டயரின் பக்கச் சுவர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மிச்சம் ஸ்பிரிங்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும், அதிலும் மிஞ்சியது புஷ் என்கிற மூட்டு ரப்பர் வழியாக பாடிக்கு, கடைசியில் சீட்டின் ஃபோமுக்கு, அதற்குப் பிறகு உங்கள் முதுகெலும்புக்கு. சீட்தான் கடைசி ஸ்பிரிங். மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வில் வினாடிக்கு 4 முதல் 8 தடவை ஆடும் அளவை மிக மோசமாக உணரும், நடுமுதுகும் வயிறும் சேர்ந்து குலுங்குவது அந்த அளவில்தான். சங்கிலியின் எல்லாக் கண்ணியிலும் இறுக்கமானதையே தேர்ந்தெடுத்தால், பெரிய சக்கரம், தாழ்ந்த ஸ்பிரிங், மெல்லிய குஷன் உள்ள கார்பன் பக்கெட் சீட், மூன்றும் ஒரே காரில், அந்த அதிர்வை வாங்கிக்கொள்ள நடுவில் ஒன்றுமே இருக்காது. ஷோரூமில் பார்க்க மூன்றும் அழகாக இருக்கும், வில்லுக்குறியிலிருந்து மார்த்தாண்டம் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கேட்டுவிடும்.

சஸ்பென்ஷனில் நிறையப் பேர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பி.ஏ.எஸ்.எம். என்பது அடாப்டிவ் ஷாக் அப்சார்பர், அதற்குள் எண்ணெய் போகும் வழியை வால்வு வைத்துத் திறந்து மூடி, ரோட்டுக்கும் வேகத்துக்கும் ஏற்ப இறுக்கத்தை மாற்றும். சில கம்பெனிகள் இதையே வேறு வழியில் செய்கின்றன, எண்ணெயில் இரும்புத் துகளைக் கலந்து காந்தப் புலத்தால் கெட்டியாக்குவது. எந்த வழியாக இருந்தாலும் மாறுவது ஷாக்தான், ஸ்பிரிங் மாறாது. பட்டனை அழுத்தி நார்மலில் வைத்தாலும் ஸ்பிரிங்கின் கடினம் அப்படியே இருக்கும். தாழ்த்திய ஸ்போர்ட் வகையை வாங்கிவிட்டு "நார்மலில் ஓட்டினால் சாதாரண கார் மாதிரிதானே" என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். அதில் ஸ்பிரிங்கே வேறு, கூடுதல் கடினம், கூடவே ஷாக் மேலும் கீழும் போக இருக்கும் தூரமும் குறைந்துவிடும். குழியில் விழும்போது ஷாக் ஓடி முடிந்து பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பரில் போய் இடித்தால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு 10 மில்லிமீட்டர் என்பது எவ்வளவு பெரியது என்று தெரியும்.

இன்னொன்று, வழுவழுப்பான ரோட்டில்தான் கடினமான ஸ்பிரிங் வேகமாகப் போகும். மேடுபள்ளமான ரோட்டில் டயர் தரையை விட்டு எழும்பும், எழும்பிய டயருக்குப் பிடிப்பு இல்லை. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வழியில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வளைவு வளைவாகப் போகும் அல்லவா, அதிகாலையில் ஆளில்லாத நேரத்தில் ஓட்ட அவ்வளவு ஆசையான ரோடு, ஆனால் மழைக்குப் பிறகு ஒவ்வொரு வளைவின் உள் ஓரத்திலும் தார் பெயர்ந்து கிடக்கும். அங்கே சாதாரண பி.ஏ.எஸ்.எம். உள்ள கார்தான் உண்மையாகவே நன்றாகத் திரும்பும், நம்பிக்கையும் தரும். ஸ்போர்ட் வகை நன்றாக இருக்கும் இடம் நம் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றே ஒன்றுதான், காவல்கிணறு தாண்டி திருநெல்வேலி போகும் நான்கு வழிச் சாலை. அது நேர் ரோடு, அங்கே எந்த சஸ்பென்ஷனும் நன்றாகத்தான் இருக்கும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆடி மாதக் காற்று பக்கவாட்டில் வந்து அடிப்பதற்கு 10 மில்லிமீட்டர் தாழ்த்துவதால் ஒன்றும் பெரிதாக மாறிவிடாது, ஸ்டீயரிங்கை இரண்டு கையால் பிடித்து வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

சரி, இப்போது வேகத்தடை. இதைப் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள், கணக்கோடு பார்த்தால் பயம் பாதியாகக் குறையும், மீதி பாதி உண்மையான பயம். இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம் உள்ள வட்டத்தின் ஒரு துண்டு, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்காகப் போட்டது. 911இன் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.45 மீட்டர். இரண்டு சக்கரமும் அந்தத் தடையின் மேல் நிற்கும்போது நடுவில் தரை எவ்வளவு மேலே எழும் என்று கணக்குப் போட்டால் 4.4 சென்டிமீட்டர்தான் வரும். ஸ்போர்ட்ஸ் காரின் அடியில் பெரும்பாலும் 11 முதல் 13 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும், ஆகவே அடிவயிறு தட்டாது. ஆனால் நம் உள்ரோடுகளில் யார் யாரோ போட்டு வைத்திருப்பது அது இல்லையே, ஒரு முழ அகலத்தில் ஓர் உருண்டை, பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் முன்னால் ராத்திரியோடு ராத்திரியாக முளைத்தது. அதில் உயரம் முழுவதும் அப்படியே வயிற்றுக்குக் கீழே வந்துவிடும், 13 சென்டிமீட்டர் தடை என்றால் 13ம் தேவை. ஸ்விஃப்டுக்கு 163 மில்லிமீட்டர் இருக்கிறது, அதனால் அந்தத் தடை இருப்பதே நமக்கு இதுவரை தெரியாமல் போயிருக்கும்.

ஒரு பழக்கம் சொல்கிறேன், காசு செலவில்லாதது. தடைக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிட்டு, காலை எடுத்த பிறகு ஏறுங்கள். பிரேக்கில் கால் இருக்கும்போது மூக்கு கீழே குனிந்திருக்கும், அந்தக் குனிவில்தான் முன் லிப், அதாவது முன் பம்பரின் கீழ் விளிம்பு, உரசுகிறது. நம் ஆட்கள் பெரும்பாலும் தடை மேல் ஏறும் வரை பிரேக்கை விடுவதில்லை.

இப்போது வீட்டு கேட். உரசல் ரோட்டில் நடப்பதைவிட வீட்டு வாசலில் நடப்பதுதான் அதிகம், தினம் இரண்டு தடவை என்று வைத்துப் பாருங்கள். நம் மாவட்டத்தில் நிலமே மேடும் பள்ளமும், ரோட்டை விட வீடு மூன்றடி உயரத்தில் இருக்கும், இல்லையென்றால் ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் போட்டு வீடு தாழ்ந்து போயிருக்கும். நீங்கள் இப்போது ஊரில் இல்லை என்றால் அப்பாவிடமோ தெரிந்த கொத்தனாரிடமோ சொல்லி இரண்டு அளவு எடுக்கச் சொல்லுங்கள்.

முதல் அளவு சரிவு. ரோட்டில் சரிவு தொடங்கும் இடத்தில் முன் சக்கரம் நிற்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்திலிருந்து வீட்டுப் பக்கமாக ஒரு மீட்டர் தள்ளி, சரிவு எத்தனை சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது? ரசமட்டம் வைத்து நேராக ஒரு கம்பைப் பிடித்தால் டேப்பில் உடனே தெரியும். காரின் முன் லிப் சக்கரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் முன்னால் இருக்கும் என்பதால்தான் இந்த ஒரு மீட்டர். 9 சென்டிமீட்டருக்குள் என்றால் லிப்ட் இல்லாமலே ஏறலாம். 9லிருந்து 14 வரை என்றால் லிப்ட் கட்டாயம். 15ஐத் தாண்டினால் லிப்டும் காப்பாற்றாது, சரிவை உடைத்து நீளமாகப் போட வேண்டும், அது லிப்டை விட எவ்வளவோ மலிவு, அதைச் செய்துவிட்டே கார் எடுக்க வேண்டும்.

இரண்டாவது அளவு முகடு, அதாவது சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் இடம். இரண்டு செங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள், ஒருக்களித்து நிறுத்தினால் உயரம் 11 சென்டிமீட்டர் போல வரும், டேப்பில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கல், அந்தப் பக்கம் ஒரு கல், நடுவில் 2.45 மீட்டர். கல்லின் தலையிலிருந்து தலைக்குக் கொத்தனார் நூல் பிடிப்பது போல இறுக்கிப் பிடியுங்கள். நூல் முகட்டைத் தொட்டால் காரின் வயிறும் தொடும். கல்லை முன்னும் பின்னும் நகர்த்தி மூன்று நாலு இடத்தில் பார்க்க வேண்டும், ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடக் கூடாது. போன வருஷம் ஒரு நண்பர் வீட்டில் இப்படிப் பார்த்தபோது சரிவு சரியாகத்தான் இருந்தது, ஆனால் கேட்டின் இரும்புத் தண்டவாளம் இரண்டு சென்டிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்று நூலைத் தொட்டது. தண்டவாளத்தைப் பதித்துப் போட்டதோடு வேலை முடிந்தது. முன் லிப்ட் இங்கே பாதிதான் உதவும், ஏனென்றால் அது தூக்குவது மூக்கை, நடு வயிறு அதில் பாதிகூட உயராது.

லிப்ட் என்பது இந்தக் காரில் முன் லிப்பைக் கிட்டத்தட்ட 40 மில்லிமீட்டர் தூக்கும், சுமார் 35 கிலோமீட்டர் வேகம் வரை வேலை செய்யும். இப்போதைய வரிசையில் ஒரு இடத்தை ஜி.பி.எஸ். வழியாக நினைவில் வைத்துக்கொண்டு அங்கே வரும்போது தானாகவே தூக்கும் வசதியும் வந்திருக்கிறது, உங்கள் வீட்டு கேட்டையும் அப்பா வீட்டுத் தெருவில் இருக்கும் அந்த உருண்டையையும் ஒரு தடவை பதிந்து வைத்தால் போதும், மனைவி ஓட்டும்போதும் பட்டனை மறந்துவிடுவோமோ என்ற கவலை இல்லை. இரண்டு அளவையும் எடுத்துவிட்டு எல்லைக்கோட்டில் நின்றால் லிப்ட் எடுங்கள் என்பேன். ஸ்போர்ட் சஸ்பென்ஷனை எடுத்துவிட்டு அதன் தாழ்வைச் சரிக்கட்ட லிப்ட் எடுப்பது மட்டும் வேண்டாம், ஒரு கையால் இறக்கி மறு கையால் தூக்குவதற்கு இரண்டு தடவை பணம் கட்டுவது போல.

சக்கரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சீட்டை விட, சஸ்பென்ஷனை விட, நம் ரோட்டில் சுகத்தைத் தீர்மானிப்பது இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். கரேராவின் முன் டயர் 235/40, 19 அங்குலம். அதாவது அகலம் 235 மில்லிமீட்டர், அதில் 40 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 94 மில்லிமீட்டர். எஸ்ஸில் முன் டயர் 245/35, 20 அங்குலம், பக்கச் சுவர் 86 மில்லிமீட்டர். பின்னால் கரேராவுக்கு 103, எஸ்ஸுக்கு 91 சொச்சம். பார்க்க ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம், ஆனால் குழியின் விளிம்பில் டயர் நசுங்கி ரிம்மைத் தொடாமல் இருப்பதற்கு உள்ள இடம் அந்த ஒரு சென்டிமீட்டர்தான். ஸ்விஃப்டின் 185/65 டயருக்கு 120 இருக்கிறது, நம் கை அந்தப் பழக்கத்தில்தான் ஓட்டும். கல் ஏற்றிக்கொண்டு கேரளா பக்கம் போகும் டாரஸ் லாரிகள் ஓடி ஓடி என்.எச். 66இல் மழைக்காலம் முடியும்போது குழியின் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். காரில் ஸ்டெப்னி கிடையாது, பசை அடைக்கும் கிட் மட்டும்தான், பக்கச் சுவர் கிழிந்தால் பசை ஒன்றும் செய்யாது, டோ வண்டிக்குத்தான் போன் பண்ண வேண்டும், இந்த அளவு டயர் நாகர்கோவில் கடையில் அன்றைக்கே கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். கரேராவா எஸ்ஸா என்ற குழப்பத்தில் என் ஓட்டு கரேராவுக்குப் போவதில் பாதிக் காரணம் இந்த டயர்தான். கரேராவிலேயே சக்கரத்தை முன்னால் 20, பின்னால் 21 ஆக்கலாம் என்று டீலர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரின் டயர் பிரஷர் மெனுவில் கம்ஃபர்ட் பிரஷர் என்று ஒன்று உண்டு, சுமை குறைவாக இருக்கும்போது டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ள, ஊரில் ஓட்டும்போது அதைப் பயன்படுத்துங்கள்.

அப்புறம் சீட். இங்கேதான் ஆசை அதிகமாக வேலை செய்யும், எனக்கும் பக்கெட் சீட்டைப் பார்த்தால் இன்றைக்கும் ஆசைதான்.

ஃபுல் பக்கெட் என்பது கார்பன் ஃபைபர் ஓடு, அதன் மேல் மெல்லிய குஷன். கரேராவுக்கு வரும் வகையில் சாய்மானம் அசையாது, ஒரே கோணம். உயரம் மட்டும் கரண்டில் ஏறி இறங்கும், முன் பின் நகர்த்துவது கையால் லீவரை இழுத்து. உடம்பு அதற்குப் பொருந்திவிட்டால் அதைப் போல ஒரு சீட் இல்லை, கார் செய்வது எல்லாம் இடுப்பு வழியாகவே தெரியும், முதுகு வலிக்காரர்கள் சிலரே "இதுதான் நன்றாக இருக்கிறது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பொருந்தாவிட்டால் சரிசெய்ய ஒரு வழியும் கிடையாது. ஒர்க்‌ஷாப்புக்கு வந்துகொண்டிருந்த ஒருவர், மலையாளி, நல்ல உயரம், தொடை கனமானவர், பக்கெட் போட்டுத்தான் வேண்டும் என்று ஆர்டர் பண்ணி வாங்கினார். ஒரு வருஷத்துக்குள் வந்து கரண்ட் சீட்டாக மாற்ற முடியுமா என்று கேட்டார். வயரிங் வேறு, கட்டுப்பாட்டுப் பெட்டி வேறு, ஏர்பேக் கோடிங் வேறு, நாங்கள் போட்ட எஸ்டிமேட்டைப் பார்த்துவிட்டு அவர் அப்படியே ஓட்டினார், கடைசியில் காரையே விற்றுவிட்டார். தொடையின் வெளிப்பக்கத்தில் அந்தக் கார்பன் விளிம்பு அழுத்தி அழுத்தி, முக்கால் மணி நேரத்தில் கால் மரத்துப்போகும் என்பதுதான் அவருடைய ஒரே குறை, கார் மேல் உயிரையே வைத்திருந்தார். பி.எம்.டபிள்யூ. எம் கார்களின் கார்பன் பக்கெட் பார்த்திருப்பீர்கள், அதில் குஷனுக்கு நடுவிலும் தொடைகளுக்கு இடையே ஒரு மேடு எழுந்து நிற்கும், அதுவும் இதே கதைதான், உட்கார்ந்து பார்க்காமல் யாரும் ஆர்டர் பண்ணவே கூடாது.

நம் ஊர் விஷயமாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ சர்ச்சுக்கோ கல்யாண வீட்டுக்கோ போகும்போது வேட்டியும் சேலையும்தான் கட்டியிருப்போம். பக்கெட்டின் பக்க விளிம்பு ஒரு சாண் உயரத்துக்கு எழுந்து நிற்கும், வேட்டியோடு அதைத் தாண்டி இறங்குவதென்றால் ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்து, மறு கையால் வேட்டியைக் கூட்டிப் பிடித்து, இடுப்பை விளிம்பு மேல் தூக்கி வைத்து, அப்புறம்தான் கால் வெளியே வரும். இளவட்டம் செய்துவிடும். எழுபது தாண்டிய அப்பா? அவரைக் கூட்டிக்கொண்டு போவதற்காகத்தான் நீங்கள் இந்தக் காரை ஊரில் நிறுத்துகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள், அந்த வரியைப் படித்ததும் எனக்கு பக்கெட் பற்றிய கேள்வி முடிந்துவிட்டது.

ஸ்போர்ட்ஸ் சீட் பிளஸ் என்பது நடுவழி, பக்கங்கள் உயரமாகவும் கெட்டியாகவும் இருக்கும், ஆனால் அந்தப் பக்கங்களை நகர்த்த முடியாது, உங்கள் இடுப்பளவுக்கு அமைந்தால் அதிர்ஷ்டம். 14 வழி சீட் சுகமானது, நினைவு வசதியும் இடுப்புத் தாங்கலும் உண்டு, வளைவில் பிடிப்பு குறைவு. 18 வழியில் குஷனின் பக்கமும் சாய்மானத்தின் பக்கமும் கரண்டில் அகலும், இறுகும். ஏறும்போது அகட்டி வைத்துக்கொள்ளலாம், பேச்சிப்பாறை ரோட்டில் இறுக்கிக்கொள்ளலாம். உங்களுக்கு ஒரு அளவு, மனைவிக்கு ஒரு அளவு, நினைவில் போட்டுவிட்டால் பட்டனை அழுத்தினால் போதும். அப்பா ஏறும்போது பக்கத்து சீட்டை முழுக்க உயர்த்தி, பக்கங்களை அகட்டி, சீட்டைப் பின்னால் தள்ளி வையுங்கள், அவர் முதலில் பக்கவாட்டாக உட்கார்ந்துவிட்டு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுக்கட்டும், இறங்கும்போது இதையே திருப்பிச் செய்ய வேண்டும். சாய்மானம் அசையும் சீட் என்பதால் அவருக்குக் கொஞ்சம் சாய்த்தும் கொடுக்கலாம்.

சீட் பொருந்துகிறதா என்று பார்க்க ஷோரூமில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. பின் பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுத்துவிட்டு, பின்னால் ஒட்டி உட்கார்ந்து, நாற்பது நிமிஷம் இருங்கள், விற்பனையாளர் ஒரு மாதிரியாகப் பார்த்தால் பார்க்கட்டும், அவ்வளவு பணம் கொடுக்கிறோம். இடுப்புக்கும் பக்கத்துக்கும் நடுவே உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும். குஷன் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடம் வேண்டும். தோள் சீட்டை விட்டு எழாமல் மணிக்கட்டு ஸ்டீயரிங் வளையத்தின் மேல் படிய வேண்டும். இருபது நிமிஷத்துக்குப் பிறகு எங்கேயாவது "இங்கே ஒன்று இருக்கிறது" என்று உடம்பு சொன்னால், அந்த இடம்தான் திருவனந்தபுரம் போய்த் திரும்பும்போது வலிக்கப் போகும் இடம்.

துணி, தோல் விஷயத்தில் நம் காற்று தனி. ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை, இரண்டு பருவமும் பெய்யும் மாவட்டம், போதாததற்குக் கடல் காற்று. நீங்கள் வருஷத்தில் பத்து மாதம் வெளியே. மூடிக் கிடக்கும் காரின் தோல் சீட்டில் தையல் ஓரமாக வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும், கதவைத் திறந்ததும் பழைய பெட்டியைத் திறந்த வாசம் வரும், நான் நிறையப் பார்த்திருக்கிறேன். துடைத்தால் போய்விடும், தையல் நூலுக்குள் இறங்கிய கறை போகாது. வாரம் ஒரு தடவை யாராவது கதவைத் திறந்து, என்ஜினைப் போட்டு, ஏசியை அரை மணி நேரம் ஓட விட்டு, நாலு கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு வர வேண்டும், அப்படி ஒரு நம்பிக்கையான ஆளை இப்போதே பாருங்கள். ரேஸ்டெக்ஸ் என்கிற மெல்லிய வெல்வெட் மாதிரியான துணி வழுக்காது, பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் நம் வியர்வையும் தலைத் தேங்காய் எண்ணெயும் ஹெட்ரெஸ்டில் ஏறினால் அந்த இழை படிந்து பளபளத்துவிடும். துளையிட்ட தோல், நடுத்தரமான நிறம், வென்டிலேஷன், இதுதான் இங்கே நெடுநாள் நிற்கும். வெள்ளைத் தோல் வேண்டாம், ஜீன்ஸின் நீலமும் செம்மண்ணும் ஏறினால் முழுக்க வெளுக்காது. வென்டிலேஷன் 14 வழி, 18 வழி சீட்டுகளோடுதான் வரும், பக்கெட்டுக்குக் கிடையாது, பக்கெட் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணம் எங்கே போட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழுதாகக் கட்டி இறக்குமதியாகும் கார் என்பதால் ஒவ்வொரு ஆப்ஷன் மேலும் சுங்க வரி சேர்ந்து விழும், ஜெர்மனி விலையைப் பார்த்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். அதனால் பின்னால் மாற்ற முடிகிறதை இப்போது வாங்காதீர்கள். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு இன்னும் தாழ வேண்டும் என்று தோன்றினால் ஸ்பிரிங் மாற்றுவது ஒரு நாள் வேலை, பெரிய சக்கரம் அரை மணி நேர வேலை. ஆனால் லிப்டின் பம்பும் குழாயும், 18 வழி சீட்டின் வயரிங்கும், வென்டிலேஷனும் ஃபேக்டரியில் போட்டால்தான் உண்டு. பின்னால் சேர்க்கப் போனால் அந்த மலையாளி நண்பர் பார்த்த எஸ்டிமேட்தான் வரும்.

டெஸ்ட் டிரைவுக்குக் கொச்சியோ சென்னையோ போவீர்கள். அங்கே கொடுக்கும் டெமோ காரில் என்ன சீட், என்ன சக்கரம், ஸ்போர்ட் சஸ்பென்ஷனா சாதாரணமா என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எதைப் பிடித்தது எதைப் பிடிக்கவில்லை என்றே தெரியாமல் திரும்பி வருவோம். நல்ல ரோட்டில் மட்டும் ஓட்டிக் காட்டுவார்கள், மேம்பாலத்தின் இணைப்புகள் மேல் 50, 60இல் போகச் சொல்லுங்கள். மார்த்தாண்டம் பாலத்தில் நமக்குப் பழக்கமான அந்த 'டக் டக்' இந்தக் காரில் எப்படி வருகிறது என்று கேளுங்கள், ஒரே அடியாக வந்து அடங்குகிறதா, இல்லை அடித்த பிறகும் ஆடிக்கொண்டிருக்கிறதா என்று. ஒரே அடியாக அடங்கினால் ஷாக் சரி. மனைவியை ஒரு தடவை பக்கத்து சீட்டிலும் உட்கார வையுங்கள், ஓட்டுபவருக்கு ஸ்டீயரிங் பிடி இருப்பதால் பாதிக் குலுக்கல் தெரியாது, உண்மையைச் சொல்வது பக்கத்து சீட்டுதான்.

மாடல் வருஷத்துக்கு வருஷம் எந்த சீட்டோடு எது சேரும் என்பது மாறும், பின் சீட் இப்போது கேட்டால்தான் போடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள், கூபேயில் இரண்டு சீட் என்பதுதான் இப்போதைய வழக்கம், சின்னப் பிள்ளைகள் இருந்தால் பின் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், அதற்குக் கூடுதல் பணம் இல்லை. ஆர்டரில் மாற்றம் செய்யக் கடைசித் தேதி எது என்று டீலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் வீட்டு கேட்டின் அந்த இரண்டு அளவையும் எடுக்கச் சொல்லி எண்ணை இங்கே போடுங்கள், ஒரு மீட்டரில் எத்தனை சென்டிமீட்டர் ஏறுகிறது, நூல் எங்கே தொடுகிறது, அதைப் பார்த்துவிட்டு லிப்டைப் பற்றி முடிவாகச் சொல்கிறேன்.